மேகவி எந்த பஸ்ஸில் போவாள்?

ஜூலை 17

முதல் பக்கம்! கையெழுத்து அழகாக வர வேண்டும் என்று பேனாவைக்கூட மாற்றிவிட்டேன்.

‘கதை உலை’ சேனலில் ரேவா மேடம் சொல்லிவிட்டார். எழுத்தாளராக வேண்டுமென்றால் போனை மட்டும் நம்பக்கூடாது, ஒரு நோட்டு வேண்டும், தேதி போட்டு, பார்த்தது கேட்டது எல்லாவற்றையும் எழுத வேண்டும். இன்று முதல் முப்பது நாள் இலவசப் பயிற்சி. தினமும் ஒரு வீடியோ, ஒரு வீட்டுப்பாடம். முப்பதாவது நாள் கையில் ஒரு முழு தொடர்கதை இருக்கும். அதை ‘கதைக்கிளை’ ஆப்பில் போட்டால் போட்டியிலும் சேர்ந்துவிடும். மேடத்தின் நூற்றுப் பன்னிரண்டு பழைய வீடியோக்களையும் பார்த்து முடித்தவள் நான். சிலவற்றை மூன்று தடவை. இந்த ஊரில் என்னைவிடத் தயாராக யாராவது இருப்பார்களா?

கதைத் தலைப்பு: ‘பூட்டிய வீட்டின் பூங்காற்று’. ஹீரோ ரிஷிதரன், கோபக்காரன், ஆனால் உள்ளுக்குள் பாசம். ஹீரோயின் மேகவி, அநாதை. என் புனைபெயர் சாரல்மொழி. ஆவுடையம்மாள் என்ற பெயரை வைத்துக்கொண்டு காதல் கதை எழுத முடியாது.

இன்னொரு விஷயம், செம்பகம் அக்கா வந்துவிட்டாள்! தை மாதம் கல்யாணம், இது தலை ஆடி. புதுப்பெண் ஆடி முழுக்கப் பிறந்த வீட்டில் இருக்க வேண்டும், ஆவணி முதல் தேதி மாப்பிள்ளை வந்து அழைத்துப் போவார். செல்வகணபதி அத்தான்தான் புளியங்குடியிலிருந்து பைக்கில் கொண்டுவந்து விட்டார். அப்பாவின் சொந்த அக்கா மகன்தான் மாப்பிள்ளை. எனக்கு அல்வா வாங்கி வந்திருந்தார்.

அக்காவிடம் ஒரே ஒரு பை. இரண்டு சேலை, ஒரு பிளாஸ்டிக் ஃபைல். போன் ரிப்பேராம்.

அத்தான் பைக் தெரு திரும்பியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி: “ஏட்டி ஆவுடை, இந்த வருசம் ஆடிக்கு முப்பத்தொண்ணா, முப்பத்திரெண்டா?”

காலண்டரைப் பார்த்துச் சொன்னேன். முப்பத்தொன்று.

“சே” என்றாள்.

ஜூலை 18

பாடம்: முதல் வரியிலேயே வாசகரைப் பிடி. என் முதல் வரியை பதினேழு தடவை மாற்றினேன். அம்மா, “என்னத்த அடிச்சி அடிச்சி எழுதுத, கணக்கா?” என்றாள்.

ஜூலை 20

பாடம்: ஐம்புலன்கள். வீட்டுப்பாடம்: வீட்டில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருக்குத் தெரியாமல் கவனித்து எழுதுக. அக்காவை எடுத்துக்கொண்டேன்.

கேட்டது: தறிச் சத்தத்துக்கு நடுவிலும் வாசல் கேட் சத்தம் அவளுக்குக் கேட்டுவிடுகிறது. கேட்டதும் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்து நிற்கிறாள். தறிக்கூடத்திலிருந்து அப்பா வந்தாலும் சரி, பால்காரர் வந்தாலும் சரி.

பார்த்தது: சாப்பாட்டை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறாள். முன்பெல்லாம் ஒரு தோசைக்கு அரைமணி நேரம் எடுப்பவள்.

தொட்டது: தலை பின்னும்போது தோளுக்குப் பின்னால் ஒரு தழும்பு, முக்கோணமாக. இஸ்திரிப் பெட்டி பட்டுவிட்டதாம். தோளுக்குப் பின்னால் எப்படிப் படும்? (மர்மம். கதைக்கு வைத்துக்கொள்ளலாம்.)

மணம், சுவை: இல்லை. மேடம் மார்க் குறைப்பாரோ?

‘வாசித்துச் சொல்’ டெலிகிராம் குழுவில் போட்டேன். “செம டீடெயில் சிஸ்! உங்களுக்குக் கண் இருக்கு!” என்று ஈரோடு அக்கா ஒருவர் எழுதியிருந்தார். நாள் முழுக்கப் பறந்துகொண்டிருந்தேன்.

ஜூலை 22

பாடம்: உரையாடல். வீட்டில் கேட்ட ஒரு பேச்சை அப்படியே எழுதுக. பேசுகிறவர்கள் பேச வந்ததைப் பேசக்கூடாது, அதுதான் உயிர் என்கிறார் மேடம்.

“ம்மா, ஆவணி பொறந்ததும் போணுமா?”

“பின்ன? கார்த்திக வரைக்கும் இங்கனயே இருப்பியா?”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

“ஒங்க அத்த யாரு? ஒங்கப்பாவ இடுப்புல தூக்கி வளத்தவ. அந்த வீட்டுல ஒனக்கு என்னட்டி கொற?”

“அத்தயச் சொல்லலம்மா.”

“பின்ன யாரச் சொல்லுத?”

“வெங்காயம் உரிக்கவா?”

“உரி. கண்ணு எரியுதுன்னு முந்தானையக் கொண்டு தொடைக்காத, கறை புடிக்கும்.”

அக்கா உரித்தாள். உரிக்க ஆரம்பிக்கும் முன்பே கண் கலங்கியிருந்தது. நல்ல சீன்! மேகவிக்கும் மாமியாருக்கும் நடுவில் வைக்கப் போகிறேன்.

ஜூலை 25

நாலாவது எபிசோடு. 147 பேர் வாசித்திருக்கிறார்கள்!!!

ஜூலை 27

போட்டியில் வாசகர் எண்ணிக்கைக்கும் மதிப்பெண் உண்டாம். எழுத்தாளர் தன்னைத் தானே பரப்பக் கூச்சப்படக்கூடாது என்று ஒரு வலைப்பூவில் படித்தேன். கூச்சத்தை விட்டேன். ‘சொந்தபந்தங்கள்’ வாட்ஸப் குழுவில் லிங்க் போட்டுவிட்டேன். நாற்பத்தோரு பேர் இருக்கிற குழு. பெரியப்பா கைகூப்பினார். சித்தி “படிக்க நேரமில்ல, வாழ்த்துகள்” என்றாள். உண்மையில் படித்தவர் ஒருவர்தான். செல்வகணபதி அத்தான்! நாலு எபிசோடும். தனியாக மெசேஜ் வேறு: “கொழுந்தியா எழுத்தாளர் ஆகிட்டீங்களே. தினமும் படிப்பேன்.”

அக்காவிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டேன்.

ஜூலை 29

பாடம்: எதிர்மறைப் பாத்திரத்துக்கும் ஒரு நியாயம் கொடு. மேடம் இருபது கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றைப் பதிவேற்றியிருக்கிறார். உன் பாத்திரத்தைப் பேட்டி எடு, அவன் என்ன சொல்வான் என்று கற்பனை செய் என்கிறார்.

எனக்கு ஆண்கள் எப்படி யோசிப்பார்கள் என்று கற்பனை வரவில்லை. அத்தானுக்கே கேள்விகளை அனுப்பினேன். வாய்ஸ் நோட்டாகப் பதில் சொன்னார்! பொறுமையாக, சிரித்துச் சிரித்து. பதினொன்றாவது கேள்வி, ‘நேசிப்பவரிடம் என்ன எதிர்பார்க்கிறாய்?’ அதற்கு அவர் சொன்னது: “வீட்டுல நிம்மதியா இருக்கற பொம்பளைக்கு எதுக்குட்டி போனு? வெளிய தேடுதான்னா உள்ள ஏதோ கொறையுதுன்னு அர்த்தம். அத நாமதான் சரி பண்ணணும்.”

செம டயலாக். ரிஷிதரன் வாயில் வைத்துவிட்டேன்.

ஜூலை 31

அந்த வசனத்துக்கு மட்டும் 212 லைக். “என் ரிஷி என்ன சொன்னாலும் நியாயம்” என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள்.

மத்தியானம் அக்கா பூ கட்டிக்கொண்டிருந்தபோது ஆசையாக வாசித்துக் காட்டினேன். தினமும் காட்டுவேன், சிரிப்பாள். இன்று இந்த இடம் வந்ததும் நூல் நின்றுவிட்டது.

“இது நீயா எழுதுனது?”

“பின்ன யாரு?”

“யாரும் சொல்லித் தந்தாவளா?”

“நானே யோசிச்சேங்க்கா. எனக்குக் கற்பனை வராதுன்னு நெனச்சியா?”

“நல்லாத்தான் யோசிக்க” என்று பூவைக் கட்ட ஆரம்பித்தாள். ஏன் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை. கற்பனை இல்லாதவள் என்று நினைத்துவிடுவாளே என்றுதான். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 2

அக்கா என் கதைக்குள் வந்துவிட்டாள்!

காலையில் துணி காயப்போடும்போது அவளாகவே கேட்டாள்: “ஏட்டி, அந்த மேகவி கடைசி வரைக்கும் அங்கனயேதான் கெடப்பாளா?”

“ரிஷி திருந்திருவான்க்கா. எல்லாரும் அததான் கேக்காவ.”

“திருந்தலன்னா?”

யோசித்ததே இல்லை. மேடத்தின் பாடம் வேறு நினைவுக்கு வந்தது: கதாநாயகி சும்மா இருக்கக்கூடாது, முடிவெடுக்க வேண்டும். “அப்போ ஓடிப் போகணும்” என்றேன்.

“எப்படிப் போவா?”

“ராத்திரி சுவரேறிக் குதிச்சு...”

“சவம், ராத்திரி போனா நாய் கொரைக்கும். தெருவே முழிச்சிக்கிடும். விடிய விடிய கூட்டம் இருக்கற நாளாப் பாத்துப் போணும். திருவிழா அன்னைக்கி. காலையில வர்ற வண்டியிலதான் கூட்டம் இருக்கும், போற வண்டி காலியாப் போவும். யாரும் பாக்க மாட்டாவ.”

வாயைப் பிளந்துவிட்டேன். இத்தனை வீடியோ பார்த்தும் எனக்கு இது தோன்றவில்லை!

ஆகஸ்ட் 3

இன்று முழுக்க நானும் அக்காவும் பிளாட் போட்டோம். என் வாழ்க்கையிலேயே மகிழ்ச்சியான நாள். அக்கா இவ்வளவு பேசி ஏழு மாதம் ஆகிறது.

மேகவி எந்த பஸ்ஸில் போவாள்? காலை 5.40, ராஜபாளையம் வண்டி. அங்கிருந்து மதுரை, மதுரையிலிருந்து கோயம்புத்தூர். அங்கே யார்? கூடப் படித்த தோழி, ஆஸ்பத்திரியில் வேலை, ஹாஸ்டலில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. என்ன வேலை? மருந்தகத்தில். (அக்கா படித்ததும் டி.பார்ம்தான். கதையில் லேப் டெக்னீஷியன் என்று மாற்றிவிட்டேன். தனியுரிமை!) தோழியிடம் எப்படிப் பேசினாள்? தங்கச்சி போனில், தங்கச்சி குளிக்கப் போன நேரத்தில்.

“மேகவிக்குத் தங்கச்சியே இல்லக்கா. அநாதை.”

“ஆமா, மறந்துட்டேன். பக்கத்து வீட்டு போனுன்னு வையி.”

சர்டிபிகேட் எங்கே ஒளித்து வைப்பாள்? அக்கா ஓர் இடம் சொன்னாள். சப்பென்று இருந்தது. வாசகர்களுக்கு ஒரு காட்சி வேண்டாமா? நான் அரிசி டிரம் என்று மாற்றிவிட்டேன். அரிசிக்குள் கையை விட்டு ஃபைலை உருவும்போது மணிகள் கொட்டும். சினிமா மாதிரி.

“ஆமாட்டி, இதுதான் நல்லாருக்கு” என்று அக்கா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள்.

ஆகஸ்ட் 4

எழுதி முடித்துவிட்டேன்! பதிமூன்றாவது எபிசோடு. வாசித்துக் காட்டினேன். அக்கா கேட்டுவிட்டு, “இத இப்பப் போடாத” என்றாள்.

“ஏன்க்கா?”

“தபசு முடியட்டும். எட்டாம் தேதி போடு. வியாழக்கெழம எல்லாரும் கோயிலுக்குப் போயிருப்பாவ, யாரு படிப்பா?”

நியாயம்தான். ஏழாம் தேதி எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா. லட்சம் பேர் வருவார்கள். சரி என்றேன்.

“சத்தியமா?”

“கதைக்குப் போயி சத்தியமாக்கா?”

என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். விளையாட்டுக்குத்தான்.

ஆகஸ்ட் 5

நேற்று எபிசோடு போடாததால் போட்டிப் பட்டியலில் எட்டாவது இடத்திலிருந்து இருபத்தாறுக்குப் போய்விட்டேன். “அடுத்த எபி எங்க?”, “கதையை விட்டுட்டீங்களா?”, “இதனாலதான் புது ரைட்டர்ஸ் கதையே படிக்கறதில்ல.” இன்றைய பாடமும் அதுவேதான். விடாமல் எழுதுகிறவர்தான் எழுத்தாளர்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போட்டேன். மூன்றே நாள்தானே வித்தியாசம்.

மாலைக்குள் 900 வாசிப்பு! “பஸ் நேரம் வரைக்கும் எழுதியிருக்கீங்க, நிஜமா நடந்த மாதிரியே இருக்கு!” என்று எழுதுகிறார்கள். மேடமே ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். அக்காவிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை. எட்டாம் தேதி சொல்லிக்கொள்ளலாம்.

அத்தான் எப்போதும் இதயம் போடுவார். இன்று படித்த அடையாளம் மட்டும் இருந்தது.

ஆகஸ்ட் 6

காலையில் அம்மா சத்தம் போட்டாள்: “எவட்டி காலண்டர் தாளக் கிழிக்காம விட்டது? மூணு நாளா மூணாம் தேதியே தொங்குது!” நான் இல்லை. கிழிப்பது அக்கா வேலை. அக்கா மூன்று தாள்களையும் கிழித்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு கேட் சத்தம். அக்கா எழுந்து நின்றாள்.

அத்தான். கையில் பழம், பூ, எனக்கு அல்வா.

அம்மா பதறிப்போனாள். “வாங்க மாப்பிள்ள! ஆடியில... தங்கப்படாதே...”

“தெரியும்த்த. தங்க வரல. அம்மா குளிக்கற எடத்துல வழுக்கி விழுந்துட்டா. கூடமாட ஒத்தாசைக்கு ஆளில்ல. செம்பகத்த அனுப்புனா புண்ணியமாப் போவும். நான் என் கடையிலயே படுத்துக்கிடுதேன், ஆடி முடியற வரைக்கும் வீட்டுப் படியேற மாட்டேன்.”

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எந்த மாப்பிள்ளை இப்படிச் சொல்வார்? அம்மாவும், “தபசு பாத்துட்டுப் போட்டுமே” என்று மட்டும் சொன்னாள்.

“தாராளமா. நானே கூட நின்னு காட்டிக் கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கி பெரியப்பா வீட்டுல படுத்துக்கிடுதேன்.”

பிறகு தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன். அரிசி டிரம்மைத் திறந்து முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு பிடி அரிசியை எடுத்து முகர்ந்தார்.

“பழைய அரிசியா, புது அரிசியான்னு பாத்தேன்.”

கீழே கிடந்த டிரம் மூடியை எடுத்தேன்.

“கதை நல்லாருக்கு கொழுந்தியா” என்றார், சிரித்தபடியே. “அந்த பஸ் டைம் மட்டும் தப்பு. அஞ்சு நாப்பது வண்டிய நிப்பாட்டி ஒரு மாசம் ஆச்சு. எழுதறதுக்கு முன்ன விசாரிக்கணும்லா?”

திரும்பினேன். வாசலில் அக்கா நின்றாள். கேட்டுவிட்டாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அத்தான் குடித்த செம்பை வாங்கிக் கழுவப் போனாள்.

ஆகஸ்ட் 7

காலை ஐந்து மணியிலிருந்தே அத்தான் எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டு. அவ்வளவு பொறுப்பானவர் என்று எதிர்வீட்டு மாமி சொன்னாள்.

தபசு பார்த்தோம். அவ்வளவு கூட்டத்திலும் அக்காவின் மணிக்கட்டை அவர் விடவே இல்லை. கூட்டத்தில் தொலைந்துவிடுவாளாம்.

ஆகஸ்ட் 8

கிளம்பும் முன் அப்பா என்னைத் தறிக்கூடத்துக்குக் கூப்பிட்டார். தறியை நிறுத்தியிருந்தார். பகலில் அவர் தறியை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

“ஏட்டி ஆவுடை. அக்கா முகமே சரியில்ல. ஒங்கிட்ட ஏதும் சொன்னாளா?”

இப்போது எழுதும்போது எத்தனை பதில் வருகிறது! தழும்பைச் சொல்லலாம். போனைச் சொல்லலாம். கேட் சத்தத்தைச் சொல்லலாம். தேதி போட்டு எல்லாம் இந்த நோட்டில் இருக்கிறது, கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கலாம். அத்தான் தறிக்கூட வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு செருப்பு வாரை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

“இல்லப்பா” என்றேன்.

அப்பா மறுபடி தறியை ஓட விட்டார்.

அக்கா ஒரே பையோடு பைக்கில் ஏறினாள். அத்தான் பையை வாங்கி, இரண்டு சேலையையும் எடுத்து உதறி, மடித்து வைத்து, “ஒழுங்கா மடிக்கத் தெரியாதா?” என்று எல்லார் முன்னாலும் செல்லமாகக் கேட்டார். அம்மா சிரித்தாள். ஃபைல் அதில் இல்லை.

ஆகஸ்ட் 9

இன்று வீடியோ பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 11

1,840 வாசிப்பு. மூன்றாவது இடம்.

எடிட் பட்டனை அழுத்தி எல்லாவற்றையும் மாற்றினேன். 5.40 என்பதை 9.15 ஆக்கினேன். கோயம்புத்தூரை சென்னை ஆக்கினேன். திருவிழாவை எடுத்தேன். பிறகு முழு எபிசோடையும் அழித்தேன். “எபி 13 காணோம் சிஸ், ஸ்கிரீன்ஷாட் இருக்கு, வேணுமா?” என்று ஈரோடு அக்கா அனுப்பியிருக்கிறார். அன்பாகத்தான்.

‘செய்த தவறைச் சரிசெய்வது எப்படி’ என்று ரேவா மேடம் சேனலில் தேடினேன். ஒன்று வந்தது. கதையின் நடுப்பகுதி தொய்ந்தால் என்ன செய்வது என்பது பற்றி.

மேடத்துக்கே மெயில் எழுதினேன். எல்லாம் எழுதினேன். தானியங்கிப் பதில் வந்தது: “உங்கள் படைப்பு கிடைத்தது. தொடர்ந்து எழுதுங்கள்!”

ஆகஸ்ட் 12

அம்மாவிடம் சொன்னேன். தழும்பிலிருந்து ஆரம்பித்து எல்லாம். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்.

“எனக்குத் தெரியும்ட்டி” என்றாள்.

“எப்பருந்து?”

“சித்திரையில வந்தாள்லா, அப்பவே. ஒங்கப்பாகிட்டச் சொன்னா அவுகளுக்கும் அவுக அக்காவுக்கும் பேச்சு வார்த்த இல்லாமப் போவும். ஒரு புள்ள பொறந்தா சரியாவும்.” கீரையில் ஒரு பழுத்த இலையை எடுத்துத் தள்ளினாள். “நீ அதயும் கதையில போட்டுறாத.”

ஆகஸ்ட் 13

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய் டைம் கீப்பரிடம் கேட்டேன். 5.40 வண்டி ஓடுகிறதாம். தினமும் ஓடுகிறதாம். “எந்தப் பய நிப்பாட்டுனதாச் சொன்னான்?” என்று கோபப்பட்டார்.

ஆகஸ்ட் 15

பயிற்சியின் முப்பதாவது நாள். கடைசி எபிசோடு இன்று போட்டாக வேண்டும். கருத்துப் பெட்டி முழுக்க ஒரே கோரிக்கை: “ரிஷி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து மேகவியைத் தூக்கிட்டுப் போகணும் ப்ளீஸ்!” நானூறு பேர். நான் எழுதவில்லை. பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டது. போகட்டும்.

ஆகஸ்ட் 17

ஆவணி ஒன்று. காலண்டர் தாளை நான்தான் கிழித்தேன்.

பத்து மணிக்கு அத்தான் நம்பரிலிருந்து போன். அக்கா! ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். பின்னால் அவர் இருமுவது கேட்டது.

“சாப்டியாட்டி?”

“சாப்டேன்க்கா. நீ?”

“ம். கதைய முடிச்சிட்டியா?”

“இல்லக்கா. எனக்கு எழுதவே வரல. நான்... அக்கா, நான்தான்...”

“அழாத. இதுக்கெல்லாமா அழுவாவ? போட்டி போனாப் போவுது” என்றாள் சாதாரணமாக. “அவசரப்பட்டு முடிக்காத. மெதுவா எழுது. ஆனா ஒண்ணு. அந்த மேகவிய அநாதன்னு வச்சிருக்கல்லா, அது சரியில்ல.”

“பின்ன?”

“அவளுக்கு ஒரு தங்கச்சிய வையி.”

பின்னாலிருந்து அத்தான் குரல்: “என்ன, எழுத்தாளரம்மாவுக்கு நீ வேற கிளாஸ் எடுக்கியா?” சிரித்தார். அக்காவும் சிரித்தாள். போன் வைக்கப்பட்டது.

எழுந்துபோய்ப் பார்த்தேன். அக்கா அன்று சொன்ன, எனக்குச் சப்பென்று இருந்த அந்த இடத்தில். ஃபைல் அங்கேயே இருக்கிறது. மார்க் ஷீட், டி.பார்ம் சான்றிதழ், தோழியின் நம்பர் எழுதிய ஒரு துண்டுக் காகிதம். எண்ணிப் பார்த்துவிட்டு, இருந்தபடியே வைத்துவிட்டேன்.

எந்த இடம் என்று இந்த நோட்டில் எழுதப் போவதில்லை.